சேதத்துக்குக் காரணம்

எண்பத்து நான்கில், நெடுந்தீவில் அரசாங்கக் கட்டடத்துக்கு ஒதுக்கிய காணிக்கு அருகே உள்ள வீடுகளில் காட்டுக்குதிரைகளால் என்ன சேதம் என்று எழுதி வர என்னை அனுப்பினார்கள். ஆறாவது வீட்டுக்குப் போகும்போது வெயிலில் தலை வலித்தது.

“மதிலைத் தள்ளிப்போட்டு வந்து கத்தரியெல்லாம் மிதிச்சுப்போட்டுதுகள். எழுதும் தம்பி” என்றார் வீட்டுக்கார அக்கா.

படிவத்தில் சேதத்துக்குக் காரணம் ‘குதிரை’ என்று எழுதினேன். அவர் கிணற்றில் அள்ளித் தொட்டியை நிரப்பினார். மதிலுக்கு அப்பால் குதிரைகள் காத்து நின்றன.

“அதுகளுக்கோ, அக்கா?”

“ஓம். அதுகள் குடிக்கிற குளத்தையும் சேர்த்தெல்லோ உங்கட காணிக்கு வேலி அடைச்சிட்டியள். தண்ணி குடுக்காமல் இருக்க ஏலுமே?”

அந்த வேலிக்கு நாடா பிடித்து அளந்தவன் நான்தான். எழுதியதை வெட்டி எழுத அலுப்பாக இருந்தது. ஏழாவது வீட்டிலும் ‘குதிரை’ என்றே எழுதினேன்.