நல்லவன் கப்

எங்கள் கிளப்பில் வருஷா வருஷம் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு கால்பந்துப் போட்டி நடக்கும். ஜெயித்த அணிக்கு ஒரு கப், தோற்ற அணிக்கு ஒரு கப். இவை தவிர மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. மைதானத்தில் ஒழுங்காகவும் வெளியே ஊருக்கு உதவியாகவும் இருக்கிற ஆட்டக்காரருக்கு அது. அதன் மேல் நீளமாக ஏதோ பொறித்திருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. எங்கள் ஊரான ஆண்டர்சன்பேட்டையில் அதற்குப் பெயர் நல்லவன் கப்.

போன வருஷம் அதை எனக்குக் கொடுப்பதாக முடிவு செய்துவிட்டார்கள். கிளப் தலைவர் டீக்கடையில் வைத்து விஷயத்தைச் சொன்னார்.

"இத்தினி வருஷத்துல நீ ஒரு கார்டு வாங்கினது இல்ல. யார் காலயும் வாரினது இல்ல."

உண்மைதான். ஒருவன் காலை வார வேண்டுமானால் முதலில் அவன் பக்கத்தில் போய்ச் சேர வேண்டும். நான் ரைட் பேக், வலது பக்கம் தடுத்து ஆடுகிறவன். நான் போய்ச் சேருவதற்குள் அவன் கோலைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருப்பான்.

"அதுக்கு மேல, ஊருக்கே மருந்து வாங்கினு வந்து தர்ற."

அதுவும் உண்மைதான். காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவன் நான். பிளாட்பாரத்தில் யாராவது சீட்டை நீட்டினால் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. சாயங்காலம் என் டிபன் பையில் யாருடைய சர்க்கரை மாத்திரையோ, யாருடைய கண் சொட்டு மருந்தோ இருக்கும். ஒரு தடவை ஒரு பெரியவரின் பல் செட்டு என் தயிர் சாத டப்பாவோடு ஊர் வந்து சேர்ந்தது. கூச்சத்தில் நான் செய்ததெல்லாம் சேவையில் சேர்ந்துவிட்டது.

"ரெண்டு கண்டிஷன்தான்," என்றார் தலைவர். "ஃபைனல் முடியற வரைக்கும் கார்டு வாங்கக்கூடாது. கப்பு வாங்கினதும் மைக்குல ரெண்டு வார்த்த பேசணும்."

முதலாவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. இரண்டாவதைக் கேட்டதும் பாதி டீயைக் கீழே வைத்துவிட்டேன். பஸ்ஸில் 'நிறுத்துங்க' என்று குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவன் நான்.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். நேராகப் போய் ஷோகேஸைத் திறந்து, கல்யாணத்துக்கு வந்த கடிகாரத்தை எடுத்துக் கீழே வைத்தாள்.

"எங்க அக்கா வூட்டு ஷோகேஸ்ல கப்பு வைக்க எடம் இல்ல. அத்தினியும் அவ பசங்க வாங்கினது. நம்ம வூட்டுல இன்னா இருக்குது? இந்தக் கடியாரம். அதுவும் ஓடல."

"மைக்குல பேசணுமாம்," என்றேன்.

"வணக்கம், நன்றி சொல்லிட்டு எறங்குங்க. அதுக்கு மேல உங்களுக்கு வராதுன்னு ஊருக்கே தெரியும்."

அன்றைக்கே அக்காவுக்கு போன் போயிற்று. ஃபைனலுக்கு அக்காவும் வருவதாக ஏற்பாடு.

ஃபைனல் எங்கள் ஊர்ப் பழைய சுரங்கத்தை ஒட்டிய மைசூர் மைன்ஸ் மைதானத்தில் நடந்தது. அந்த மைதானம் ஒரு பக்கம் சரிவு. சுரங்க ஊர் வழக்கப்படி ஆட்டத்தின் பாதியை நாங்கள் ஷிப்ட் என்போம். முதல் ஷிப்டில் மேடேறி ஓடினால் இரண்டாவது ஷிப்டில் இறக்கம் கிடைக்கும். நல்லவன் கப் எனக்குத்தான் என்று எதிரணிக்கும் தெரிந்துபோயிருந்தது. அவர்களுடைய ஃபார்வர்டு என்னைவிடத் தொப்பைக்காரர். ஆனாலும் தைரியமாக என் பக்கமே வந்தார்.

"அண்ணன் கப்பு வாங்கப்போறாரு. மேல கை வைக்க மாட்டாரு, வழி வுடுவாரு," என்று சொல்லிக்கொண்டே என்னைக் கடந்து போய் கோல் போட்டார்.

எங்கள் கோல்கீப்பர் என் மனைவியின் தம்பி. "மாமா, உனுக்குக் கப்பு, எனுக்கு கோலா?" என்றான். "ஒரு வாட்டியாவது அந்தாளு மேல மோதி வுழு மாமா."

இரண்டாவது ஷிப்டில் அந்த ஃபார்வர்டு சரிவில் வேகமாக இறங்கி வந்தவர், நிற்க முடியாமல் என் முன்னால் தானாகவே உருண்டு விழுந்தார். விசில் ஒலித்தது. நான்தான் தள்ளினேன் என்று ரெஃப்ரி கை காட்டினார். சின்ன வயசுப் பையன், மதுரைப் பக்கத்துக்காரர், பெங்களூரிலிருந்து வரவழைத்திருந்தார்கள். நான் அவர் அருகில் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மெதுவாகக் கேட்டேன்.

"இன்னா சார்?"

டாக்டரிடமும் நாங்கள் அப்படித்தான் கேட்போம். ரெஃப்ரியின் முகம் சிவந்துவிட்டது.

"இன்னாவா? யாரப் பாத்து இன்னாங்கிறீங்க?" என்று சொல்லி மஞ்சள் கார்டை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"மாமா கார்டு வாங்கிட்டாருடா," என்று மைத்துனன் ஓடி வந்து, நான் கோல் போட்டதுபோல் என்னைக் கட்டிக்கொண்டான்.

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது மைக்தான். இனி அது இல்லை. மிச்ச நேரம் நான் நன்றாக ஓடினேன் என்று பிறகு சொன்னார்கள். மேட்டில் உட்கார்ந்திருந்த மனைவியின் பக்கம் மட்டும் பார்க்காமல் ஓடினேன்.

ஆட்டத்தில் தோற்றோம். முடிந்ததும் அவள் மைதானத்துக்குள் இறங்கி வந்தாள், பின்னாலேயே அக்கா. தலைவர், "ரூல்னா ரூல்தாம்மா," என்றார். அவள் அவரை விட்டுவிட்டு ரெஃப்ரியிடம் போய்க் கை கூப்பினாள்.

"இன்னா சார், எங்க வூட்டுக்காரரு அப்பிடி இன்னா சார் பேசிட்டாரு?"

ரெஃப்ரி ஒரு எட்டு பின்னால் வைத்தார். "அக்கா, அவர் என்னப் பாத்து இன்னான்னு கேட்டாரு."

"கேட்டா இன்னா சார்?"

"அதுல இன்னா சார் தப்பு?" என்றார் தலைவர், தன் ரூலை மறந்து.

"வேற இன்னான்னு சார் கேக்கறது?" என்றான் மைத்துனன்.

டீக்காரர் கூட்டத்துக்குள் கையை நுழைத்து, "இன்னா சார், சக்கர போட்டதா, போடாததா?" என்றார்.

ரெஃப்ரி எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். டீயை வாங்கிக்கொண்டார். "எங்க ஊர்ல சினிமாவுலதாங்க்கா கேட்டுருக்கோம். ரவுடிங்க பேசுவாங்க."

"இவரப் பாத்தா ரவுடி மாதிரியா இருக்குது?"

நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, கீழே இறங்காத ஸாக்ஸை மேலே இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்த்து, "இல்லக்கா," என்றார். அவ்வளவு சீக்கிரமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

தலைவரிடம் தன் தவறுதான் என்று சொல்லிக் கார்டை ரெஃப்ரி வாபஸ் வாங்கிக்கொண்டார். கப் திரும்பி வந்தது. அதோடு மைக்கும் வந்தது.

மேடையில் ரெஃப்ரியே கப்பை என் கையில் கொடுத்தார். முன்வரிசையில் மனைவி, பக்கத்தில் அக்கா. வணக்கத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வணக்கம் வரவில்லை.

"இன்னா சொல்றது," என்றேன்.

ஸ்பீக்கர் அதை மைதானம் முழுக்கப் போட்டது. கூட்டம் சிரித்தது. ரெஃப்ரி சிரித்துக்கொண்டே சட்டைப் பையில் கையை விட்டு மஞ்சள் கார்டைத் தூக்கிக் காட்டினார். விசில் அடித்தார்கள். நான் கப்போடு இறங்கிவிட்டேன்.

ஆட்டோவில் கப் மனைவியின் மடியில் இருந்தது. "வணக்கம் சொல்லச் சொன்னேனே," என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "பரவால்ல. ரெண்டு வார்த்ததானே பேசச் சொன்னாங்க," என்றாள்.