மூன்று வெளிச்சங்களுக்கு ஒரு வாக்குமூலம்

சனிக்கிழமை இரவு லோயர் கேம்ப் மலைக்கு மேல் தெரிந்த மூன்று வெளிச்சங்களை வீடியோ எடுத்து இங்கே என் பக்கத்தில் போட்டிருந்தேன். அதற்காக இன்று காலை முழுவதும் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு முன்பே அங்கே செல்வம் இருந்தான். திராட்சைத் தோட்டங்களுக்கு ட்ரோனில் மருந்து அடிப்பவன். சுற்றுவட்டாரத்தில் ட்ரோன் வைத்திருப்பவன் அவன் மட்டும்தான் என்பதால் அதை எடுத்து வந்துவிட்டார்கள். நான்கு நாளாக அவனுக்கு வேலை இல்லை.

“அது ட்ரோன் இல்லை சார்” என்றேன்.

“அப்ப என்ன?” என்றார் ஏட்டு.

“தெரியாது.”

“தெரியாதுன்னு எழுதுனா ஃபைல் முடியாது தம்பி. கேரளா பார்டர் பக்கம்னு மேல கேக்குறாக. ஃபைல் முடியாம ட்ரோன விட முடியாது. நட்சத்திரம்னு எழுதுங்க.”

“மூணும் சேந்து நகந்துச்சே சார்.”

“ஒங்க கை நகந்திருக்கும்.”

செல்வம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பார்த்ததை நானே இல்லை என்று எழுத இரண்டு வரிதான் ஆனது. கையெழுத்துப் போட்டேன். ட்ரோனைக் கொடுத்துவிட்டார்கள்.

வெளியே அதை ஆட்டோவில் ஏற்றும்போது செல்வம் மெதுவாகச் சொன்னான்.

“நானும் பாத்தேண்ணே. மூணு இல்ல, நாலு.”

“உள்ள ஒண்ணும் சொல்லலையே?”

“சொன்னா ட்ரோன எவன் குடுப்பான்?”

விசாரணை முடிந்துவிட்டது. நான்காவதை வேறு யாராவது பார்த்திருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கமெண்டில் வேண்டாம். கிளம்பும்போது ஏட்டு என் பக்கத்தை ஃபாலோ செய்துவிட்டார்.