சென்னப்பன் வண்டி சோறு தின்ற நாள்

கொள்ளேகாலத்துச் சென்னப்பன் பஸ் ஓட்டினார் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மீதி நேரமெல்லாம் அதற்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மைசூரிலிருந்து கொள்ளேகாலம் வரைக்கும் எந்தக் கிணற்றில் கயிறு உண்டு, எந்தக் கிணற்றில் திட்டு உண்டு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எந்த வெயிலிலும் காக்கிக் கோட்டின் கழுத்துப் பொத்தானைக் கழற்ற மாட்டார். வண்டி வழியில் நின்றால், "பொறு சாமி, பொறு" என்று அதன் மூக்கைத் தடவிக்கொடுப்பார். பெற்ற பிள்ளைகளிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை.

நான் லிங்கப்பன், அவருடைய கண்டக்டர். 1937இல், தசராவுக்கு முந்தின மாதம், வேலைக்குச் சேர்ந்து இருபது நாள் ஆகியிருந்தது. ஊர் கொள்ளேகாலத்தைத் தாண்டி ஹனூர்ப் பக்கம். கல்யாணமாகி ஒரு பெண்ணுக்குத் தகப்பன். கன்னடம் மட்டும் அரைகுறை. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு அப்போது கிடையாது. இந்தக் கதைக்குக் காரணமே அந்தத் திமிர்தான்.

முதலாளி மல்லப்பன் புது பஸ் ஒன்று வாங்கியிருந்தார். அதற்குப் புது டிரைவரும் வந்தாயிற்று. பழையதை மைசூர் மண்டி மொஹல்லாப் பேட்டையில் இரும்பு விலைக்குப் போட்டுவிட வேண்டியது என்பது அவர் எண்ணம். சென்னப்பன் நாலு நாள் அவர் வீட்டு வாசலில் நின்றார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இந்த வண்டி போனால் வேறு யாரும் ஸ்டியரிங்கைக் கையில் கொடுக்கப் போவதில்லை. கடைசியில் முதலாளி, "நாளைக்கு நானே ஏறி வரேன். கொள்ளேகாலம் வரைக்கும் கொதிக்காம போனா இன்னொரு வருஷம் ஓட்டிக்கோ. வழியில கொதிச்சா அன்னிக்கே முடிஞ்சுது" என்றார்.

மறுநாள் காலை, தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட் ஓரமாக வண்டி நின்றது. ரேடியேட்டருக்குக் கீழே சொட்டுச் சொட்டாக ஈரம். சென்னப்பன் முதலாளியை அழைத்துவரப் போயிருந்தார். மெக்கானிக் தொட்டையன் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம், "நீரு சோர்தா இதே. நரசீபுரதல்லி நோட்கோ" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

நீர். சோறு. நரசீபுரம். மூன்றும் எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் ஊரில் புதுப் பானை கசிந்தால் அதில் கஞ்சி காய்ச்சி ஓட்டையை அடைப்போம். அதே வைத்தியம்தான் வண்டிக்கும் போலிருக்கிறது, படித்த மெக்கானிக் சும்மாவா சொல்வான் என்று நினைத்துக்கொண்டேன். இருபது நாளில் கன்னடம் இவ்வளவு வந்துவிட்டதே என்று கொஞ்சம் பெருமையும் பட்டேன்.

பத்தாவது மைலிலேயே வண்டி பெருமூச்சு விடத் தொடங்கியது. சென்னப்பன் முகம் வெளுத்துவிட்டது. முதலாளியின் கவனத்தைத் திருப்ப மழை, நெல் விலை, முதலாளியின் மச்சான் என்று என்னென்னவோ பேசிக்கொண்டே ஓட்டினார். ஒருவழியாக நரசீபுரம் வந்தது. "வாங்க மொதலாளி, சூடா ஒரு காப்பி குடிக்கலாம்" என்று அவரை அழைத்துக்கொண்டு இறங்கியவர், என் காதோடு, "கொதிக்கறதுக்குள்ள தண்ணி ஊத்திரு அப்பா, உனக்குப் புண்ணியமாப் போவுது" என்றார்.  வெறும் தண்ணீரை ஊற்ற எனக்கு மனசு கேட்கவில்லை.

முன் சீட்டில் பூவாத்தாள் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பொம்பளை. மடியில் தூக்குப்போசி, அதில் பழைய சோறு.

"அக்கா, அந்தச் சோத்தைக் குடுங்க. வண்டிக்கு வேணும்."

"வண்டிக்கா? ஏந்தம்பி, உனக்குப் பசின்னா பசின்னு சொல்லு."

"நெசமாத்தானுங்க அக்கா. மெக்கானிக் சொல்லியிருக்காரு."

போசியை நீட்டிவிட்டு அவள் கேட்டாள்: "உப்புப் போடலை. பரவால்லியா? மோரு இருக்குது, ஊத்தட்டுமா?"

ரேடியேட்டர் மூடியைத் துணி சுற்றித் திறந்தேன். சோற்றைக் கூழாகப் பிசைந்து, தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். கொஞ்சம் வெளியேயும் சிந்திற்று.

அப்புறம் நடந்ததை நான் சொன்னால் இன்றைக்கும் நம்ப மாட்டார்கள். சொட்டு குறைந்தது. இரண்டு மைலில் நின்றே போயிற்று. வண்டி சமர்த்தாக ஓடியது. "இந்த ஊர்த் தண்ணியில என்னமோ இருக்குதப்பா" என்று சென்னப்பன் அதிசயப்பட்டார். போகப் போக வண்டிக்குள் அடுப்படி வாசனை வந்தது. பிரயாணிகளுக்கெல்லாம் பசி கிளம்பிவிட்டது.

உச்சி வெயிலில் கொள்ளேகாலம் சேர்ந்தோம். கொதிக்கவில்லை. முதலாளி இறங்கி வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். மூக்கை உறிஞ்சினார். ரேடியேட்டரில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை நகத்தால் எடுத்து, "என்னப்பா இது?" என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். நான்தான் முந்திக்கொண்டேன். "தொட்டையன் சொன்ன வைத்தியமுங்க. நீரு, சோறு. நரசீபுரத்துல போட்டுட்டேன்."

சென்னப்பன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! சோர்தா இதே என்றால் கன்னடத்தில் 'ஒழுகுகிறது' என்று அர்த்தம். ஒழுகுகிறது, நரசீபுரத்தில் பார்த்துக்கொள் என்றுதான் தொட்டையன் சொல்லியிருக்கிறான். அது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. அவர் நாற்பது மைல் மறைத்துக் கொண்டுவந்ததை நான் ஒரே வாக்கியத்தில் போட்டு உடைத்துவிட்டேன்.

ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று பார்த்தேன். அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். "ஒழுகறது நெசமுங்க மொதலாளி. காலையிலயே தெரியும். நாந்தான் மறைச்சேன். இவன் மேல தப்பில்லீங்க" என்றார்.

மல்லப்பனுக்கு இரண்டு பாஷையும் தெரியும். 'சோர்தா' என்று ஒரு தடவை, 'சோறு' என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். "கொதிக்கலையே! மாத்து அந்த்ரே மாத்து, சொன்ன சொல்லு சொன்னதுதான். ஒரு வருஷம் ஓட்டிக்கோ. நாளைக்கே ஈயம் வெச்சுப் பத்தவெச்சிரு" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே நடந்தார்.

சென்னப்பனிடம் போய், "மன்னிச்சுக்குங்க அண்ணா" என்றேன். அவர் பூவாத்தாளுக்கு ஓட்டலில் சாப்பாடு சொல்லிவிட்டு வரும்படி என்னை அனுப்பினார். திரும்பி வந்தபோது வண்டியின் முன்னால் குந்தியிருந்தார். கண்ணைத் துடைத்த துண்டு நனைந்திருந்தது.

"எட்டு வருஷமா எனக்கும் என் பிள்ளைகளுக்கும் சோறு போட்டது இது" என்றார். "அதுக்கு ஒரு வாய் போடோணும்னு உனக்குத்தான் அப்பா தோணுச்சு."