ஹோல்ட் என்றால் பிடி

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் வீட்டு வாஷிங் மெஷினுக்கெல்லாம் ஆறுதல் சொல்வதுதான் என் தொழில். பெங்களூரு அடுகோடியில் ஒரு மூன்றாவது மாடி; தமிழ் பேசும் வாடிக்கையாளர்களுக்கென்று போட்ட வரிசையில் என் நாற்காலி. வாயை வைத்துப் பிழைக்கும் சக ஜீவன்களே, உங்களுக்குத்தான் இது புரியும். எங்களை ஆட்டிவைப்பது ஒரே ஒரு ஆங்கில வார்த்தை: ஹோல்ட்.

கெட்டிப் பிடி

சேர்ந்த புதிது. திருப்பத்தூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். துணி பிழியும்போது மெஷின் குதிக்கிறதாம். அந்தப் பக்கம் எந்த மெக்கானிக் என்று பார்ப்பதற்காக, எங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தபடியே "ஒரு நிமிஷம் ஹோல்ட் பண்ணுங்க சார்" என்றேன். திரும்பி வந்தால் தடதடவென்று சத்தம், நடுவே மூச்சிரைப்பு. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மனிதர் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"எவ்ளோ நேரம்மா பிடிச்சிக்கினே நிக்கிறது? என்னையும் சேர்த்து ஆட்டுது, சீக்கிரம் ஆள் அனுப்பும்மா!"

அஷ்டே

அன்றோடு அந்த வார்த்தையைக் கைவிட்டேன். "லைன்லயே இருங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். ஒருவரும் எதையும் கட்டிப்பிடிக்கவில்லை. ஆனால் எங்கள் பேச்சை ஒட்டுக்கேட்டு மார்க் போடும் பிரிவுக்கு அது பிடிக்கவில்லை. எழுதிக் கொடுத்ததை மீறுகிறாள் என்று குறித்துவிட்டார்கள். என் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது. ஆம்பூரில் அப்பா தெருவுக்கே சொல்லி வைத்திருந்தார். டீம் லீடர் ஸ்வேதா மேடத்திடம் போய் நின்றேன். கன்னடக்காரர், தமிழையும் விடமாட்டார்; ஆனால் எங்களைக் கூப்பிடுவது 'கணே', அவ்வளவுதான் என்பதற்கு 'அஷ்டே'.

"உன் கன்ஃபர்மேஷன் ஹோல்ட்ல இருக்கு கணே. ஹோல்ட்னா இல்லன்னு இல்ல, கொஞ்சம் இரு, அஷ்டே!"

பிடிமானம் இல்லாதவர்

வேலை முக்கியம் என்று மறுபடி ஹோல்டுக்கே திரும்பினேன். வேலூரிலிருந்து ஒரு அம்மா புகார் சொன்னார். மெஷின் மாமியார் பெயரில் இருந்ததால், மாமியாரின் சம்மதம் வேண்டுமா என்று மேலே கேட்க வேண்டியிருந்தது. "ஹோல்ட் பண்ணுங்க மேடம்" என்றேன்.

"இந்த வீட்ல எனக்குன்னு ஒரு ஹோல்டும் கிடையாது, நீ வேற ஏம்மா!"

கையை எடுங்க

கடைசியில் ஒரு நாள், என் வேலையை முடிவு செய்ய ஸ்வேதா மேடமே பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு ஹெட்போனில் கேட்டார். வந்தது யார் என்கிறீர்கள்? அதே திருப்பத்தூர்க்காரர், அதே குதிக்கும் மெஷின். மேடம் பார்க்கிறாரே என்று "ஹோல்ட் பண்ணுங்க சார்" என்றேன். சொல்லி முடிக்கவில்லை, தடதட சத்தத்தோடு அவர் குரல்: "பிடிச்சிட்டேன்மா! கை வேற ஈரம், வழுக்குது!"

எனக்கு உயிரே போய்விட்டது. மேடமாவது, மார்க்காவது! "சார், கையை எடுங்க! மெஷினைத் தொடாதீங்க! கையைத் துடைச்சிட்டு சுவத்துல இருக்கிற சுவிட்சை அணைங்க, லைன்லயே இருங்க!" என்று மாடியே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். சத்தம் நின்றது. அவர் "நின்னுடுச்சும்மா" என்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

போச்சு, ஆம்பூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். மேடம் முகம் வெளுத்திருந்தது. ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இனிமே யாரும் ஹோல்ட் சொல்றது பேடா, வேணவே வேணாம். உன் கன்ஃபர்மேஷனுக்கு இப்பவே நான் சொல்றேன், நீ லைன்லயே இரு."

இங்கிலீஷ்காரனுக்கு ஹோல்ட் என்றால் ஆயிரம் அர்த்தம் இருக்கலாம், குதிக்கிற மெஷின் முன்னால் நிற்பவருக்குப் பிடி என்றால் பிடிதான்.