ஆரணியில் ஒரு லண்டன் பாலாடை

பழைய ஆங்கிலேய வெள்ளிச் சாமான்களைத் தேடி ஏலக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைப்பவள் நான். ஆரணிக்குப் போனது மட்டும் தேடிக்கொண்டு அல்ல, கூப்பிட்டார்கள், போனேன். போன தை மாதம், என்னோடு வேலை செய்யும் சுமதி கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை. கறுத்துக் கிடந்தது. அடியில் மங்கலாக ஐந்து முத்திரைகள்.

ஆரணியில் கட்டிக்கொடுத்த அவள் தங்கை கல்பனாவின் குழந்தைக்காக, தெள்ளாரிலிருந்து அவர்கள் அம்மா கொடுத்தனுப்பிய பழைய குடும்பச் சாமான் அது. கல்பனாவின் மாமியார் அதை ஒரு நகைக்கடையில் காட்டியிருக்கிறார். இன்றைய ஹால்மார்க் இல்லையே, எதை வைத்து வெள்ளி என்று சொல்வது என்று கையை விரித்துவிட்டார்களாம். "பித்தளைக்கு முலாம் பூசிக் குடுத்துட்டாங்க" என்று வீட்டில் பேச்சு கிளம்பிவிட்டது. வரும் ஞாயிறு காதுகுத்து. அம்மா வந்து இறங்குவதற்குள் ஒரு முடிவு தெரிய வேண்டும்.

"வெள்ளி இல்லன்னா இல்லன்னுதான் சொல்லுவேன் சுமதி."

"சொல்லுங்க மேடம். தெரிஞ்சா போதும்."

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக ஆரணி, நாற்பது கிலோமீட்டருக்குள்தான். காலை ஏழு மணிப் பேருந்து, ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். இடப்பக்கம் உட்கார்ந்தால் ஆரணி வரைக்கும் வெயில் முகத்தில்தான். பேருந்து நிலையத்துக்கு வெளியே இட்லி, வடகறி சாப்பிட்டேன். அந்த வடகறிக்காகவே இன்னொரு முறை போகலாம்.

ஆட்டோக்காரர் அறுபது ரூபாய் கேட்டார். "பட்டுப்பொடவ எடுக்கவாங்க?"

"இல்லீங்க, ஒரு பாலாடை பாக்க."

"பாலாடையா? அதுக்கா வேலூர்லருந்து வந்துகினு இருக்கீங்க!" இறங்கும்வரை சிரித்தார்.

கல்பனா வீட்டு முன்னறையில் தறி. அன்று விசேஷம் என்பதால் நெய்யவில்லை. பாதி நெய்த மாம்பழ நிறச் சேலையை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். மாமியார் சரஸ்வதியம்மா வாசலுக்கே வந்தார். "வாங்க, நல்லா பாருங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. நாலு பேரு கேட்டா பதில் சொல்லணுமில்ல?"

சமையலறையில் வெந்நீர் விட்டுப் பாலாடையைக் கழுவினேன். கல்பனா பக்கத்தில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "அக்கா, வெள்ளியா இருந்தாலும் நீங்களே எடுத்துகினு போயிடுங்க. இந்தப் பேச்சுக்கு அப்புறம் என் புள்ளைக்கு இதுல ஊத்த மனசு வரல."

இங்கிலாந்திலும் குழந்தைக்குக் கஞ்சி புகட்ட இதே வடிவில் வெள்ளிக் கிண்ணம் செய்தார்கள். பல ஆண்டுகளாகத் தேடுகிறேன், படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இப்போது ஒன்று கையில் இருக்கிறது, எடுத்துக்கொள் என்கிறாள். "மொதல்ல பாத்துடலாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

ஜன்னலோரம் வைத்து வாயால் ஊதி, பூதக்கண்ணாடியைப் பிடித்தேன். முலாம் பூசிய சாமான்களிலும் முத்திரை போல எதையாவது குத்தி ஏமாற்றுவது உண்டு என்பதால் அவசரப்படவில்லை. முன்னங்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம்: தரமான வெள்ளி. கிரீடம் வைத்த சிறுத்தை முகம்: லண்டன். வரி கட்டியதற்கு ராஜாவின் தலை. ஆண்டைக் குறிக்கும் எழுத்து தேய்ந்துவிட்டது. செய்தவர் பெயரின் முதலெழுத்துகளில் ஒன்றுதான் மிச்சம். அவர் யாரென்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அந்தக் கிரீடமும் ராஜாவின் தலையும் சேர்ந்து இருந்தாலே இருநூறு ஆண்டுக்கு முந்தையது.

"வெள்ளிதாம்மா. அசல் வெள்ளி" என்றேன்.

சரஸ்வதியம்மா கண்ணாடியை வாங்கித் தானே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஆமா, சிங்கந்தான். காலத் தூக்கிகினு போவுது!" பிறகு கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் சுமதி தெள்ளார் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தாள். காது குத்தினார்கள். குழந்தை வீறிட்ட வீறலில் எங்கள் காதும் அடைத்தது. அப்போது சரஸ்வதியம்மா பாலாடை நிறைய வெதுவெதுப்பான பால் கொண்டுவந்து, எல்லார் முன்னாலும் மருமகளிடம் நீட்டினார். "உங்க அம்மா வூட்டு வெள்ளிதான். நான் பேசினது தப்பு. நீயே ஊத்தும்மா."

கல்பனா என்னைப் பார்த்தாள். எடுத்துக்கொள் என்று சொன்னது அவளுக்கும் ஞாபகம் இருந்தது, எனக்கும். "ஊத்து, ஜல்தி! புள்ள அழுவுது பாரு" என்றேன். ஊற்றினாள். குழந்தை பாதியைக் குடித்து மீதியை மாமியாரின் பட்டுப்புடவையில் துப்பியது. தெள்ளார் அம்மாதான் முதலில் சிரித்தார். அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

இப்படி ஒரு கிண்ணத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டத்தான் நான் ஆசைப்பட்டேன். வெறுங்கையோடு திரும்பியபோது வருத்தம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் போய்விட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால், பளபளப்பாக்கும் பசை போட்டுத் தேய்க்காதீர்கள், முத்திரை போய்விடும். வெந்நீரும் மெல்லிய துணியும் போதும். ஆங்கிலத்தில் ஈ.பி.என்.எஸ். என்று நான்கெழுத்து இருந்தால் அது முலாம்தான், சண்டை வேண்டாம். ஆரணிக்குப் போனால் பட்டு எடுங்கள், வடகறி சாப்பிடுங்கள். அந்தப் பாலாடையை மட்டும் விலைக்குக் கேட்காதீர்கள். அது இன்னும் வேலையில் இருக்கிறது.