வட்டக் கிணற்றுக்காரர்

கடலில் இறங்குமுன் நெடுஞ்செழியன் ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டார். பிறகு இரண்டு முறை கைதட்டினார். போட்டிக்கு வந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரம்மதேசத்துக்காரர், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் முப்பது ஆண்டுகளாகக் கிணற்று மோட்டார் பழுது பார்க்கிறார். தண்ணீர்ப் பாம்பு கிடந்தால் ஒதுங்கட்டும் என்று எந்தக் கிணற்றிலும் முதலில் கல்லைப் போட்டுக் கைதட்டுவது வழக்கம். வங்காள விரிகுடாவுக்கும் அதே மரியாதைதான்.

ஐம்பத்திரண்டு வயது. தோளில் கயிறு உரசிய தழும்பு. சட்டைப்பையில் டெஸ்டர் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பமாட்டார். அன்றைக்கும் அதைக் கொண்டுவந்து, மனைவி வேணியிடம் பத்திரமாகக் கொடுத்தார். கிணறுகளைப் பற்றி, ஆட்களைச் சொல்வது போலத்தான் பேசுவார். இது சாதுவாம், அது கோபக்காரக் கிணறாம்.

குயிலாப்பாளையம் பக்கத்துக் கடற்கரையில் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆண்டுதோறும் இந்தப் போட்டியை நடத்துகிறார்கள். கடலுக்குள் கட்டியிருக்கும் மிதவையைச் சுற்றிக்கொண்டு கரைக்கு நீந்தி வந்து, ஐம்பது நிமிடத்துக்குள் மணலில் நிற்கும் வளைவைக் கடக்க வேண்டும். மொத்தம் ஒரு கிலோமீட்டர். நடுவில் காவல் படகைப் பிடித்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

போன ஆண்டு இவர் வேகமாகத்தான் நீந்தினார். நேராக நீந்தவில்லை, அவ்வளவுதான். பிறந்தது முதல் நீந்தியதெல்லாம் வட்டக் கிணற்றில். கை தானாக இடப்பக்கம் வளைந்துவிடுகிறது. நடுக்கடலில் மூன்று சுற்றுச் சுற்றியவரைப் படகுக்காரர்கள் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். யாரோ அதைச் செல்போனில் எடுத்துவிட, ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில் இவர் தலையைக் கண்டாலே யாராவது ஒருவர் விரலால் வட்டம் போட்டுக் காட்டுவாராம்.

"கெணத்துல சொவுத்த ஒரு தட்டு தட்டுனாதாங்க நீஞ்சி முடிச்ச கணக்கு. இங்க எதப் போயி தட்டறது? பேஜாரா பூடுச்சு," என்று என்னிடம் சிரித்தார். சிரிப்பு கண்வரை வரவில்லை. மற்ற கேலியெல்லாம் தாங்குவாராம். நீச்சல் தெரியாத ஆளைக் கிணற்றில் இறக்குகிறோமே என்று ஒரு விவசாயி விளையாட்டாகச் சொன்னதுதான் பொறுக்கவில்லை. இந்த முறையும் படகில் ஏறினால் தொழிலையே விட்டுவிடுவேன் என்றார்.

வழி சொன்னது வேணி. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காயவைக்கும் மஞ்சள் தார்ப்பாயை மூங்கில் கழியில் கட்டிக்கொண்டு, கூட்டம் மறைக்காத இடமாகப் பார்த்துக் கரையில் நின்றார். "பத்து கை போட்டதும் தலையத் தூக்கிப் பாருய்யா. போறப்ப மெதவ, வர்றப்ப மஞ்சளு. வேற எதையும் பாக்காத."

அப்படியே செய்தார். அலைக்கு நடுவே அவர் போட்டிருந்த ஆரஞ்சுத் தொப்பி அவ்வப்போது எழுந்து எட்டிப் பார்த்தது. மிதவையைச் சுற்றியபின் ஒருமுறை இடப்பக்கம் வளையத் தொடங்கியது, வேணி கழியை ஆட்டினார், தொப்பி நேரானது. காவல் படகு இரண்டு முறை அருகில் போய்ப் பார்த்துவிட்டுத் தனியாகவே திரும்பியது. கரையில் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்த எனக்கே கைகால் வலித்தது.

கரையேறியவர் நேரே தார்ப்பாய்க்கு வந்து, அதன் கீழே மணலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் பல். சொன்னபடி மஞ்சளைத் தவிர வேறெதையும் அவர் பார்க்கவே இல்லை. வளைவோ நாற்பது அடி தள்ளி இருந்தது. ஐம்பது நிமிடம் ஆக இன்னும் ஒன்றரை நிமிடம்தான்.

"இங்க எதுக்கு குந்திக்கினு கீற? வளைவு அங்க கீது, ஜல்தியா எழுந்து ஓடு," என்றார் வேணி. சொன்னதோடு நிற்காமல் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். மஞ்சள் போகிற பக்கம் நெடுஞ்செழியனும் தள்ளாடி ஓடினார். எதற்கென்று தெரியாமல் நானும் ஓடினேன்.

வளைவைக் கடந்தபோது கடிகாரத்தில் நாற்பது நொடி மிச்சம். பதக்கத்தோடு நின்ற பெண் தலையைக் குனியச் சொன்னார். நெடுஞ்செழியன் அதைக் காதில் வாங்காமல் வளைவின் காலிடம் போய், ஈரக் கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.