ஐந்தரைக்குத் தோளில் ஏறும் டிபன் பை

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்து மென்பொருள் அலுவலகத்தில் அந்த அம்மா பக்கத்து டீமின் மேனேஜர். ஒல்லியான உருவம், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. மாலை ஐந்தரை ஆனதும் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன் ஆட்கள் ஒவ்வொருவரின் நாற்காலிக்குப் பின்னாலும் போய் நிற்பார். எழுந்தால்தான் நகர்வார். பிறகு எல்லோரும் சிரித்தபடி வெளியேறுவார்கள். அவருக்கு நாகர்கோவில் ரயில் காத்திருக்கும்.

எனக்கு வயிறு எரியும். நான் மேனேஜராக இருந்த டீம் எட்டு மணிவரை உட்கார்ந்தும் பாராட்டு என்னவோ அவர்களுக்குத்தான் வந்தது.

"நீங்க போனப்புறம் ஏதாவது பிரச்சினை வந்தா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"வரட்டும் சார். காலைல வந்து நான் ஏச்சு வாங்கிக்கிடுதேன். அதுக்குத்தானே என்னை மேனேஜரா வச்சிருக்காங்க."

மறுநாள் ஐந்தரைக்கு நானும் பையை மாட்டிக்கொண்டு, "எல்லாரும் கிளம்புங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். மழை பிடித்துக்கொண்டது. வாசல் கேட் அருகே அந்த அம்மாவும் அவர் ஆட்களும் இரண்டே குடைகளுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். என் குடையை எடுக்க மேலே திரும்பிப் போனேன்.

என் ஆட்களில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

"ஏம்பா, கிளம்பலையா?"

"சார் எப்படியும் திரும்பி வருவீங்கன்னு தெரியும்" என்றான் ஒருவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.